மல்லம்மா கிணற்றுக்கு மேலே ஒரு குட்டை

கல்லை எப்படிப் பிளப்பது என்று உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் பேசப்போவது மழை பெய்தால் குவாரியிலிருந்து ஓடுகிற சேற்றுத் தண்ணீரைப் பற்றி. முகம் சுளிக்காதீர்கள். வேலைக்காலத்தில் உன் நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொண்ட நாள் எது என்று யாராவது கேட்டால், வெடி வைத்த நாள் எதையும் நான் சொல்ல மாட்டேன். ஒரு குட்டையின் கரையில் நனைந்துகொண்டு நின்ற நாளைத்தான் சொல்வேன். இப்போது நினைத்தாலும் எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து நடந்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் மாரண்டஹள்ளிக்கு மேற்கே ஒரு கறுப்புக்கல் குவாரியில் நான் ஓவர்சீயர். பாறையை வெட்டுவது என் வேலையில்லை. பாதை, வடிகால், கழிவு கொட்டும் இடம், தண்ணீர் என்று மேலே இருப்பதெல்லாம் என் பொறுப்பு. கீழே பள்ளத்தில் கல்லெடுப்பது காதர் மேஸ்திரியின் ராஜ்ஜியம். தருமபுரி டவுன்காரர். சத்தம் போட்டுப் பேசுவார், அதைவிடச் சத்தமாகச் சிரிப்பார். அவர் ஆட்கள் அவருக்காக உயிரைக் கொடுப்பார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் பார்த்தவரையில் சம்பள நாளன்று கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பார்கள்.

குவாரியில் வெட்டுவதில் விற்கிற கல் கொஞ்சம்தான். மீதியெல்லாம் கழிவுக் கல்லும் மேல்மண்ணும் கல் மாவுமாக ஒரு பக்கத்தில் மலையாகக் குவியும். மழை வந்தால் அந்த மேடு அப்படியே கரைந்து ஓடைக்கு இறங்கும். அந்தக் காலத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் மேனேஜர் ஒருவர்தான் எடுத்துக்கொண்டார். வடக்கே நிலக்கரிச் சுரங்கங்களில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர் அவர். அங்கே சுரங்கத்துக்கு வெளியே நிலக்கரியைக் கொட்டி வைக்கிற இடத்தில் மழை பெய்தால் மை மாதிரி தண்ணீர் ஓடுமாம். அதை ஆற்றில் விடாமல் குட்டையில் நிறுத்தி, கரித்தூள் அடியில் படிந்த பிறகு மேலே தெளிந்ததை மட்டும் வெளியே அனுப்புவார்களாம். இங்கேயும் அப்படி ஒரு குட்டை வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

முதலாளி மசியவில்லை. சேற்றுத் தண்ணீருக்கு எதற்குக் குட்டை, அதுபாட்டுக்கு ஓடையில் போகட்டும் என்றார். பெங்களூரிலிருந்து அவர் வந்து குவாரியில் தங்கியிருந்தபோது, ஒருநாள் மழை விட்டதும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, கழிவு மேட்டிலிருந்து வழிகிற தண்ணீரை ஒரு சோடா பாட்டிலில் பிடித்துவரச் சொன்னார். அதைக் கொண்டுபோய் முதலாளியின் மேசையில் வைத்தோம். டீயை எதற்கு பாட்டிலில் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார் முதலாளி. இது நம்முடைய தண்ணீர் என்றார் மேனேஜர். அந்த பாட்டிலை அங்கிருந்து யாரையும் எடுக்க விடவில்லை. மறுநாளும் அது டீ நிறத்திலேயே இருந்தது. அதற்கும் மறுநாள்தான் மேலே லேசாகத் தெளிந்து, அடியில் சேறு கட்டியாகப் படிந்தது. இத்தனையும் கீழே இருக்கிற ஏரியில் போய்ச் சேர்ந்தால் ஊர் நம்மைச் சும்மா விடுமா என்று மட்டும் மேனேஜர் கேட்டார். முதலாளி பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி, வெட்டுங்கள் என்றார். மேலிடத்தில் வாதாடி அலுத்துப்போனால் நீங்களும் ஒரு பாட்டிலைக் கொண்டுபோய் வையுங்கள். பேச்சைவிட அது சீக்கிரம் வேலை செய்யும்.

குட்டையைக் கழிவு மேட்டின் அடிவாரத்தில் வெட்டினோம். கிழக்கே உயரமான மண் கரை. அந்தக் கரைக்குக் கீழே, சரிவில், மல்லம்மா என்பவரின் நிலமும் கிணறும். வடக்குக் கரைக்கு அந்தப் பக்கம் லாரிப் பாதை. அது நேராக இறங்கிக் கல்லெடுக்கும் பள்ளத்துக்குள் போகும். கிழக்கே கிணறு, வடக்கே பள்ளம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

கிழக்குக் கரையின் மூலையில் கல்கட்டடம் கட்டி, அதில் மரப்பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகியிருந்தோம். அதுதான் குட்டையின் வாய். சேறு படிந்ததும் மேல் பலகையை எடுத்தால் தெளிந்த தண்ணீர் வழிந்து ஓடைக்குப் போகும். பிறகு அடுத்த பலகை. இப்படியே குட்டையைக் காலி செய்துவிட வேண்டும். அடுத்த மழை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? அது வரும்போது குட்டை வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். மேனேஜர் இதை எத்தனை தடவை சொன்னாரோ, நானும் அத்தனை தடவை தலையாட்டினேன்.

எல்லாம் சரி. ஆனால் அவர் கற்றுக்கொண்டு வந்தது மழைக்காலம் வந்தால் விடாமல் கொட்டுகிற காட்டுப் பிரதேசத்தில். எங்கள் தருமபுரி மாவட்டத்தில் நிறைந்து நிற்கிற தண்ணீரைத் திறந்துவிட யாருக்கு மனசு வரும்? அதற்கு முந்தைய வருஷங்களில் அப்படி ஒரு வறட்சி. சுற்றுவட்டாரக் கிணறுகளெல்லாம் வாய் பிளந்து கிடந்தன. மல்லம்மாவின் கிணற்றில் மட்டும் குடிக்கத் தண்ணீர் இருந்தது. மல்லன்கொட்டாய் என்ற அந்தச் சிற்றூர் முழுவதும் அந்த ஒரு கிணற்றை வைத்துத்தான் ஓட்டியது. எங்கள் குவாரிக்குக் குடிதண்ணீர் வந்ததும் அங்கிருந்துதான்.

ஆவணியில் ஒரு நல்ல மழை பெய்து குட்டை நிறைந்தது. மறுநாள் காலையில் நான் பலகை எடுக்கப் போனால் கரையில் ஒரே கூட்டம். ஏரி நிறைந்தால் தேங்காய் உடைத்து, புதுத் தண்ணீரில் மஞ்சளும் குங்குமமும் பூவும் விட்டுக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதை எங்கள் சேற்றுக் குட்டைக்குச் செய்துகொண்டிருந்தார்கள். பூசைக்கு முன்னால் நின்றவர் மல்லம்மா. ஐம்பதைத் தாண்டியவர், கணவர் போன பிறகு ஒற்றை ஆளாக விவசாயம் பார்க்கிறவர். அவர் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். கோபம் வந்தால் வெளியிலும் கன்னடம்தான். எனக்கு ஒரு தேங்காய் மூடியைக் கையில் கொடுத்து, குட்டை வந்த ராசி, கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று சொன்னார். குட்டையில் நின்ற தண்ணீர் மண்ணில் இறங்கி அவர் கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நான் எப்படிப் பலகையை எடுப்பேன், நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் எடுத்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் பலகை திரும்பவும் செருகியிருந்தது, களிமண் வைத்துப் பூசி. நான் திறப்பேன், அவர்கள் அடைப்பார்கள். காவலுக்கு ஒரு ஆளைப் போட்டேன். அவன் மல்லன்கொட்டாய்க்காரன். அவனே அடைத்தான். அடைத்துவிட்டு, யாரோ அடைத்துவிட்டார்கள் சார் என்று எனக்கே வந்து தகவல் சொன்னான். எங்கள் குவாரி ஆட்களும் உள்ளுக்குள் அவர்கள் கட்சிதான். பலகைக்கு முன்னால் கல்லும் களிமண்ணும் கொட்டி அவர்கள் அடைத்திருந்த அழகைப் பார்த்தால், எங்கள் கரையை இவர்களிடமே கட்டக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது.

ஒருநாள் மல்லம்மாவிடம் நேரிலேயே போய்ச் சொன்னேன். குட்டை நிறைந்து நிற்கும்போது பெருமழை வந்தால் கரை தாங்காது, முதல் ஆபத்து உங்கள் கிணற்றுக்குத்தான் என்று. அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

“ஏங்க ஓவர்சீரு, வராத மழைக்குப் பயந்து வந்த தண்ணிய வெளிய வுடச் சொல்றீங்களே, இது எந்த ஊரு ஞாயங்க?” என்றார்.

அவர் கேட்டது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. நானும் இந்த மாவட்டத்தில் பிறந்தவன்தானே. மேனேஜரிடம் சொன்னேன். பொக்லைனை வரவழைத்து வாயில் கொட்டியிருப்பதையெல்லாம் வாரிவிடலாம் என்றார். அதற்குள் வந்துவிட்டது அந்த நாள்.

புரட்டாசிக் கடைசி. மேனேஜர் காலையிலேயே ஆபீஸ் வேலையாகத் தருமபுரிக்குப் போயிருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். மேற்கே மலைப்பக்கம் வானம் அடுப்புக்கரி நிறத்துக்கு வந்துவிட்டது. காற்று திடீரென்று குளிர்ந்தது. முதல் துளிகள் விழுந்தபோதே தெரிந்துவிட்டது, இது சும்மா நனைத்துவிட்டுப் போகிற மழை இல்லை. குடையெல்லாம் தேடவில்லை. குட்டைக்கு ஓடினேன்.

குட்டை ஏற்கெனவே விளிம்பு வரைக்கும் இருந்தது. கழிவு மேட்டிலிருந்து பழுப்புத் தண்ணீர் பத்துப் பக்கமாகப் பிய்த்துக்கொண்டு இறங்கியது. வாய்க்குப் போய் மேல் பலகையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. களிமண் இறுகி, பலகை ஊறி உப்பி, கல்லோடு கல்லாக உட்கார்ந்துவிட்டது. கடப்பாரை வைத்து நெம்பினேன். கடப்பாரை வழுக்கி நான் விழுந்ததுதான் மிச்சம். தண்ணீர் ஏறுவது கண்ணுக்கே தெரிந்தது.

கிழக்குக் கரையின் அடிக்கு இறங்கினேன். இங்கே கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். மண் கரை என்றால் அடியில் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் பயப்பட வேண்டாம். கலங்கி வந்தால் கரையின் வயிற்றுக்குள்ளிருந்து மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம். அப்புறம் நேரம் அதிகம் இருக்காது. நான் குனிந்து கையில் ஏந்திப் பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தது. அப்பாடா என்று நிமிர்ந்தால் சரிவில் ஒரு ஊர்வலமே வருகிறது. மல்லம்மா முன்னால், பின்னால் கொட்டாய்ப் பெண்களும் ஆண்களும், தலையில் மண் கூடைகள். கரையை உயர்த்தப் போகிறார்களாம். மழையில் நனைந்துகொண்டே மேலே ஏறிக் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அந்த உற்சாகத்தைப் பார்த்து எனக்கே ஒரு நிமிஷம் ஆசை வந்தது, உயர்த்திவிட்டால்தான் என்ன என்று.

மறுபடியும் குனிந்து கசிவைக் கையில் ஏந்தினேன். பழுப்பு.

நான் மல்லம்மாவைக் கத்திக் கூப்பிட்டேன். இறங்கி வந்தார். அவர் கையைப் பிடித்துக் கசிவுக்கு அடியில் வைத்தேன். உள்ளங்கையில் சேறு தங்கியது. மல்லம்மா அதை விரலால் தேய்த்துப் பார்த்தார். திரும்பிச் சரிவில் தன் கிணற்றைப் பார்த்தார். எவ்வளவு பக்கம் என்று அன்றைக்குத்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது. கன்னடத்தில் என்னவோ முணுமுணுத்தார். அது கோபமில்லை.

கரை தானாக உடைந்தால் கிழக்கேதான் உடையும். உடைந்தால் தண்ணீர் மட்டும் போகாது, அடியில் படிந்திருக்கும் கல் மாவுச் சேறு மொத்தமும் ஒரே புரட்டாகப் போய்க் கிணற்றில் இறங்கும். சேறு விழுந்த கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். கல் மாவு ஊற்றுக்கண்ணில் போய் உட்கார்ந்தால் சிமெண்ட் பூசியது போல ஆகிவிடும். அந்தக் கிணறு அவ்வளவுதான். அப்புறம் மல்லன்கொட்டாயில் குடிக்க ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது. ஆக, உடைவதற்கு முன் நாமாக ஒரு பக்கம் வெட்டி விட்டாக வேண்டும். கிழக்கே வெட்டினால் அதே கிணறு. வடக்கே வெட்டினால் லாரிப் பாதை வழியாக எங்கள் பள்ளம். பள்ளத்தில் கம்ப்ரசர் இருந்தது, துளைபோடும் கருவிகள் இருந்தன, கப்பலுக்குப் போவதற்காக வெட்டித் தயாராக வைத்திருந்த பெரிய கல் பிளாக் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்கள் இருந்தார்கள்.

யாரைக் கேட்பது? மேனேஜர் இல்லை. போன் மழை ஆரம்பித்ததுமே செத்துவிட்டது. முதலாளி இருப்பது பெங்களூரில். ஒரு ஓவர்சீயர் தன் கம்பெனியின் பள்ளத்தைத் தானே மூழ்கடிக்கலாமா? அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

முதல் வேலை பள்ளத்தைக் காலி செய்வது. ஓடிப் போய்க் காரணம் சொல்லிக்கொண்டிருந்தால், இதோ இந்தத் துளையை முடித்துவிட்டு வருகிறோம் என்பார்கள். மழைக்கு ஒதுங்கியவர்கள் பாறை மறைவிலிருந்து வரவே மாட்டார்கள். குவாரியில் ஏன், எதற்கு என்று கேட்காமல் எல்லோரும் ஓடுவது ஒரே ஒரு சத்தத்துக்குத்தான். வெடி வைப்பதற்கு முன் ஊதுகிற சங்கு. அதை எடுத்து விடாமல் ஊதினேன், சிவப்புக் கொடியையும் தூக்கிக் காட்டினேன். பள்ளத்திலிருந்து ஆட்கள் எறும்பு மாதிரி பொலபொலவென்று மேலே ஏறி வந்தார்கள். மழையில் எவன் வெடி வைக்கிறான் என்று திட்டிக்கொண்டே கடைசியாகக் காதர் மேஸ்திரி வந்தார். அவர்தான் எப்போதும் கடைசி ஆளாக வருவார். பள்ளத்தில் யாரும் மிச்சமில்லை என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

விஷயத்தைச் சொன்னேன். காதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கெழக்கால வெட்டி வுடுங்க ஓவர்சீரு. பள்ளத்துல வுட்டா தை மாசம் வரைக்கும் எங்காளுங்களுக்கு வேல கெடையாது. எங்க சோத்துல நானே மண்ண அள்ளிப் போடவா?”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அவருக்குப் பின்னால் நின்ற ஆட்கள் எல்லோர் முகத்திலும் அதேதான் இருந்தது. சட்டம் பேசினாலோ மேனேஜர் பெயரைச் சொன்னாலோ அன்றைக்கு ஒரு மண்வெட்டி அசைந்திருக்காது. எனக்கும் ஆத்திரம்தான். மழை முகத்தில் அறைகிறது, கரை காலுக்கடியில் கரைகிறது, இவரோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

“சரி மேஸ்திரி, கெழக்கால வெட்டிடலாம். நாளைக்குக் காலையில ஒங்காளுங்களுக்குக் குடிதண்ணி எந்தக் கெணத்துல இருந்து எடுத்தாறட்டும், அத மட்டும் சொல்லுங்க” என்றேன்.

காதர் இடுப்பிலிருந்து கையை எடுத்தார். அவர் பார்வை எனக்குப் பின்னால் போனது. மல்லம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு, கொட்டாய் ஆட்களிடமிருந்து ஒரு மண்வெட்டியை வாங்கிக்கொண்டு வடக்குக் கரையில் ஏறிக்கொண்டிருந்தார். யாரையும் கேட்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. முதல் வெட்டு அவர்தான் வெட்டினார். தன் கையால் அடைத்த தண்ணீரைத் தன் கையாலேயே வெட்டி விட்டார். காதர் ஓடிப் போய் அவரை நகரச் சொன்னார். ஆத்தா, நீ தள்ளு, கரை வாயில் நிற்காதே என்று கடப்பாரையைப் பிடுங்காத குறையாகத் தன் ஆளிடமிருந்து வாங்கினார். காதர் வேலையில் இறங்கியதும் மொத்தக் கூட்டமும் இறங்கியது.

ஐயோ, அந்த வேலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! பாறையை உடைத்துப் பழகிய கைகள். ஈர மண் அவர்களுக்கு எம்மாத்திரம்? கொட்டாய்க்காரர்கள் வெட்ட, குவாரிக்காரர்கள் வார, பெண்கள் கூடை மாற்ற, யார் எந்த ஊர் என்றே தெரியவில்லை. நான் கிழக்குக் கரை அடிக்கும் வடக்குக் கரை மேலுக்கும் ஓடி ஓடி, கசிவு எப்படி இருக்கிறது என்று கத்திக்கொண்டிருந்தேன். கசிவு விரல் கனத்திலிருந்து மணிக்கட்டு கனத்துக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவர்களைத் துரத்தினேன். வடக்குக் கரையில் சிறு கால்வாய் அளவுக்கு வெட்டினதும் ஆட்களை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டேன். மீதியைத் தண்ணீரே பார்த்துக்கொண்டது. முதலில் ஒரு கோடாக வழிந்தது. அப்புறம் ஓரங்களைக் கடித்துக்கொண்டு அகலமாயிற்று. பிறகு ஒரே இரைச்சல். லாரிப் பாதை முழுவதும் பழுப்பு வெள்ளமாகப் புரண்டு பள்ளத்துக்குள் விழுந்தது. கம்ப்ரசரின் தலை கொஞ்ச நேரம் தெரிந்தது. அதுவும் போய்விட்டது. காதர் பார்க்கவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

நான் கிழக்குக் கரை அடியில் மண்டி போட்டிருந்தேன். கசிவு மெலிந்தது. மணிக்கட்டு விரலாயிற்று, விரல் நூலாயிற்று. கடைசியில் வெறும் ஈரம். கரை நின்றுவிட்டது. நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில் சிரித்தேனா அழுதேனா என்று கேட்காதீர்கள். மழையில் வித்தியாசம் தெரியவில்லை.

பொழுது சாய்வதற்குள் மழை விட்டது. எல்லோரும் கிணற்றுக்குப் போனோம். பாதை வெட்டிப் போட்ட மாதிரி, சொல்லி வைக்காமலே எல்லோருடைய காலும் அங்கேதான் போனது. மல்லம்மா குடத்தை இறக்கினார். கயிறு ஓடுகிற சத்தம் மட்டும்தான். மேலே வந்த குடத்தைச் சாய்த்து உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்தார். தெளிந்த தண்ணீர். அவர் குடித்துவிட்டுக் குடத்தை முதலில் நீட்டியது காதரிடம்.

அந்த நேரத்தில்தான் மேனேஜர் வந்து சேர்ந்தார், பாலக்கோட்டில் பஸ் கிடைக்காமல் ஒரு தக்காளி லாரியில் ஏறி. பள்ளத்தைப் பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் வந்திருக்கிறார். வெளிறிப்போயிருந்தார். பள்ளத்தில் யாராவது இருந்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். கம்ப்ரசர் என்றார். உள்ளே என்றேன். கிணறு என்றார். காதர் கையிலிருந்த குடத்தைக் காட்டினேன். எனக்கு வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டியிருந்தேன். சட்டையின் சேற்றைத் தட்டிக்கொண்டே, முதலாளி முன்னால் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குடத்தை வாங்கி அண்ணாந்து குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நான் இங்க இருந்திருந்தா கிழக்கேதான்யா வெட்டியிருப்பேன்” என்றார். “கம்ப்ரசரும் பிளாக்கும்தான் என் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும். முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன், நீ போய்த் தலையைத் துவட்டு.”

அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அத்தனை அனுபவசாலி என்னிடம் அதைச் சொன்னாரே என்பது இன்றைக்கும் எனக்குப் பெருமைதான். நெருக்கடியில் எது கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறதோ அதைத்தான் நாம் காப்பாற்றுவோம். அன்றைக்கு நான் நின்ற இடம் கிணற்றுக்குப் பக்கத்தில். அவ்வளவுதான், பெரிய புத்திசாலித்தனமெல்லாம் இல்லை. நம் குவாரியின் சேறு நம் பள்ளத்துக்குத்தான் போக வேண்டும், அடுத்தவர் கிணற்றுக்குப் போகக் கூடாது என்ற கணக்கெல்லாம் பிற்பாடு உட்கார்ந்து யோசித்தபோது வந்தது. நீங்கள் அதை முன்னாலேயே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். கரையில் நிற்கும்போது யோசிக்க நேரம் இருக்காது.

முதலாளி குதித்தார். மேனேஜர் என்ன பேசினாரோ, ஆட்களை நிறுத்தவில்லை. பள்ளம் வற்றும்வரை காதரின் ஆட்கள் கழிவு மேட்டைச் சுற்றிக் கல் பாவி வடிகால் போட்டார்கள். உடைத்த வடக்குக் கரையைக் கட்டி, கிழக்குக் கரையைப் பிரித்து, மண்ணை இடித்து இறுக்கி மறுபடியும் கட்டினார்கள். வாயில் அடைத்திருந்த களிமண்ணையும் கல்லையும் வாரிப் போட்டுப் புதுப் பலகை செருகினோம். பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் தெளியத் தெளிய, அதை மோட்டார் வைத்து மல்லம்மாவின் நிலத்துக்கே இறைத்துவிட்டோம். அந்த வருஷம் அவர் தக்காளி போட்டு, முதல் கூடையை ஆபீசுக்கு அனுப்பினார். காதர் பாதிக் கூடையைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கெல்லாம் முன்பே, கரைகளைக் கட்டி முடித்த கையோடு, ஐப்பசிக் கடைசியில் அடுத்த மழை வந்தது. பெரிய மழையில்லை, ஆனால் குட்டை முக்கால்வாசி நிறைந்துவிட்டது. சேறு படிய நேரம் கொடுத்துவிட்டு, பலகையை எடுக்கக் கடப்பாரையோடு குட்டைக்குப் போனேன். இந்தத் தடவையும் சண்டை போட வேண்டியிருக்கும் என்று வழி முழுக்க வசனம் தயார் செய்துகொண்டு போனேன். மேல் பலகை ஏற்கெனவே எடுத்துக் கரையில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. தெளிந்த தண்ணீர் சலசலவென்று வாயில் விழுந்து ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் மல்லம்மா நின்றுகொண்டிருந்தார். போகிற தண்ணீரைப் பார்த்தபடி, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, அழுதுகொண்டிருந்தார்.

நான் கடப்பாரையைக் கீழே வைத்தேன். அடுத்த பலகையை எடுக்கட்டுமா என்று கேட்டேன். அவர் தலையாட்டினார். நான் ஒரு பக்கம் பிடித்தேன், மறுபக்கத்தை அவர் பிடித்தார்.